பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் ஊர்

தெருவில் இருந்த மூன்று பள்ளிக்கூடங்களுக்கும் யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். அதனால் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவள் 'யூனிஃபார்ம் அக்கா'. நாமும் அக்கா என்றே சொல்லிக்கொள்ளலாம். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் காலையில் வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அவர் விட்டுப்போனது கீழே ஒரு கடை, அதன் பின்னால் ஓர் அறை, மேலே ஒரு மாடி. பிள்ளை கிடையாது. இரண்டு முறை தங்கி இரண்டு முறையும் கலைந்திருந்தது. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் "ஆர்டர் நிறைய நிக்குது" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கிவிடுவாள்.

இதனால் அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடக் கூடாது. சட்டை உடம்போடு ஒட்டித் தைக்க வேண்டும் என்று சொல்லும் தாய்மார்களிடம், "புள்ள வளருமா, இல்ல இத்தோட நிறுத்திடப் போறீங்களா?" என்று கேட்பாள். சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பி, கேட்டவர்கள் கேட்டதை விட ஒரு சுற்றுத் தாராளமாகவே வெட்டுவாள். ஓரத்தில் மடிப்பும் விடுவாள். அடுத்த வருஷமும் அதே சட்டை போதும் என்று வீடுகளில் அவளுக்கு நல்ல பெயர்.

அவளுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே தங்கை. வயதில் ரொம்ப இளையவள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. லேபுக்கு வருகிறவர்களுக்கு அவள் மேல் தனிப் பிரியம். "வலிக்கவே வலிக்காது, அந்தப் பக்கம் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவர்கள் பார்த்துத் திரும்புவதற்குள் ரத்தம் குழாயில் ஏறியிருக்கும். குரலை உயர்த்திப் பேசி யாரும் அவளைக் கேட்டதில்லை.

தங்கையின் கணவர் ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணமான மறுவருஷம், கம்பெனி அவரை இரண்டு ஊர்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னது. ஒன்று அக்கா இருக்கும் துறைமுகத்து ஊர். இன்னொன்று உள்நாட்டில் புதிதாக வளர்ந்துகொண்டிருந்த பெரிய நகரம். தங்கைக்கு அப்போது மூன்றாம் மாதம். இருவரும் அக்காவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை மேஜையிலிருந்த இரண்டு டம்ளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்து, இது இந்த ஊர், இது அந்த ஊர் என்றார். எதைப் பேசினாலும் விற்கிற மாதிரியே பேசுவது அவர் பழக்கம்.

இந்த ஊரில் உப்புக் காற்று, ஜன்னல் கம்பி கண் முன்னால் துருப்பிடிக்கும், ஒரு மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர், துணி காயாது. ஆனால் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம், தெருவில் எல்லோரும் தெரிந்தவர்கள். அந்த ஊரில் சாலை அகலம், பள்ளிக்கூடங்கள் பெயர் பெற்றவை, லிஃப்ட் வைத்த வீடு, அவருக்கும் உத்தியோகம் மளமளவென்று ஏறும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் செத்தால் கூடத் தெரியாது. கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது? அந்த இடத்தில் மாப்பிள்ளை நிறுத்தினார். தங்கை தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

அக்கா சொன்னாள்: "மாடி சும்மாதானே கிடக்கு. வந்து இருங்க. குழந்தையை நான் பாத்துக்கறேன்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அக்கா சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். சந்தோஷமும் அதில் இருந்திருக்கலாம்.

பிறந்தது பெண். எல்லோருக்கும் அவள் குட்டி. தங்கை லேபுக்குத் திரும்பியதும் குட்டியின் பகல் முழுக்கக் கடைக்கு வந்து சேர்ந்தது. வெட்டு மேஜைக்கு அடியில் ஒரு பழைய மெத்தை. மெஷின் சத்தம் நின்றால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பதால், தைக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் அக்கா துண்டுத் துணியை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பாள். குட்டி தவழ ஆரம்பித்த நாளிலிருந்து தரையில் ஒரு குண்டூசி கிடக்காது. பல் முளைக்கும் காய்ச்சலா, தடுப்பூசிக் காய்ச்சலா, தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் அக்காதான். தங்கைக்கு அதிகாலை ஷிஃப்ட், தூக்கம் கெடக் கூடாது.

குழந்தை முதலில் சொன்ன வார்த்தை 'ம்மா'. சொன்னது அக்காவைப் பார்த்து. தங்கை அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சமும் மாறாமல் உள்ளே வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு, "பெரியம்மான்னு சொல்லுடா செல்லம், பெ-ரி-யம்-மா" என்றாள். மறுநாளும் சொல்லிக்கொடுத்தாள். அதற்கடுத்த நாளும். குட்டியின் வாயில் அது பெம்மா என்று வந்தது. பெம்மா நீ வா, பெம்மா நீ ஊட்டு, பெம்மா நீ தூங்காத. அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் தங்கைக்குப் போதவில்லை. சாயங்காலம் அவள் வரும்போது குழந்தை குளித்து, தலை வாரி, மாடிக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. குட்டி படிக்கட்டில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அழும். விரல் விரலாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போவாள் தங்கை. ஒருநாள் அக்கா பொறுக்க மாட்டாமல், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்றாள். தங்கை அக்காவின் கன்னத்தை அன்பாகத் தொட்டு, "பெத்தவங்களுக்குத்தான்க்கா அது தெரியும்" என்றாள். அக்கா அன்று மூன்று காலர்களைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

குட்டிக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்தது. தெருமுனைப் பள்ளிக்கூடம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், குறைந்தபட்சம் அக்கா நினைத்திருந்தாள். பெயர் சேர்ப்பதற்கு முன்பே யூனிஃபார்மை வெட்டிவிட்டாள். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தைத்திருக்கிறாள். இதற்கு மட்டும் உள்தையலைக் கையால் போட்டாள், கழுத்தில் உறுத்தக் கூடாது என்று. போட்டுப் பார்த்த குட்டி கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை கடைக்குள் வந்தார்.

"அக்கா, உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தோம். அந்த ஊருக்கு மாத்தல் கேட்டிருந்தேன், கிடைச்சிடுச்சு. அடுத்த மாசம் கிளம்பறோம்."

அக்கா குழந்தையைப் பார்த்தாள். "இந்த ஊர்தான் நல்லதுன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை."

"அப்ப பாப்பா சின்னது, பாத்துக்க ஆள் வேணும். இனிமே ஸ்கூல்தான் முக்கியம். ரெண்டு ஊருக்கும் ரெண்டு பயன் இருக்கு இல்லையா?" என்றார் அவர். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. கணக்குச் சரியாக வந்தவரின் முகம் அது. யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, அந்தப் பள்ளியில் ரெடிமேடாகவே கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.

தானும் கூட வரட்டுமா, அங்கேயும் மெஷின் போட்டுக்கொள்ளலாமே என்று அக்கா அன்று சாயங்காலம் தங்கையைக் கேட்டாள். அதைக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை, எழுப்பிக் கேட்டாள். தங்கை பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, அங்கே வீடு சின்னது என்றாள். அப்படியானால் குட்டி ஒரு வருஷம் மட்டும் இங்கேயே படிக்கட்டும் என்றாள் அக்கா. தங்கை சிரித்தாள்.

அவர்கள் போன பிறகு, அந்த யூனிஃபார்மை அக்கா பொக்கிஷமாகவெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. இஸ்திரிக்காரர் மகளுக்கு அளவு சரியாக இருந்தது, கொடுத்துவிட்டாள். ஆனால் அந்தப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு கடையைத் தாண்டிப் போகும் நேரத்தில் மட்டும் உள்ளே போய் நின்றுகொள்வாள்.

முதல் வாரம் தினமும் போன் செய்தாள். குழந்தை தூங்குகிறது, குழந்தை வெளியே போயிருக்கிறது, குழந்தை குளிக்கிறது என்று பதில் வந்தது. பிறகு தங்கை பொறுமையாக விளக்கினாள். உன் குரலைக் கேட்டால் அழுகிறாள், சாப்பிட மாட்டேன் என்கிறாள், கொஞ்ச நாள் போகட்டும், அவள் நல்லதுக்குத்தானே. குட்டியின் நல்லதுக்கு என்று சொன்னால் அக்கா எதற்கும் கட்டுப்படுவாள் என்பது தங்கைக்குத் தெரியும். கொஞ்ச நாள் என்பது வருஷத்தைத் தாண்டியது. கடைசியில் அக்கா யாரையும் கேட்காமல், ஒரு பை நிறைய ஃபிராக் தைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அளவெடுக்காமல், வயதை மட்டும் வைத்து வெட்டிய ஃபிராக்குகள்.

அந்த ஊர் நன்றாகத்தான் இருந்தது. அக்காவுக்கு விழுந்த முதல் அடி அதுதான். குப்பையும் நெரிசலுமாக இருக்கும், பிள்ளை வாடிப்போயிருக்கும் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சாலையோரம் நிழல் இருந்தது. காற்றில் துரு வாசனை இல்லை. லிஃப்டில் கூட ஏறியவர்கள் யாரும் முகம் பார்த்துப் பேசவில்லை. ஆனால் ஒரு பெண் கதவை அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவைத் திறந்தது குட்டி. வளர்ந்திருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அக்கா பையைக் கீழே போட்டுவிட்டுக் கையை விரித்தாள். குழந்தை ஒரு நொடி அவளை அண்ணாந்து பார்த்தது. பிறகு, விருந்தாளி வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்களோ அப்படியே, "வாங்க பெரியம்மா. உக்காருங்க. நீங்க தண்ணி குடிக்கறீங்களா?" என்றது.

நீங்க. 'பெம்மா நீ வா' என்று கூப்பிட்ட பிள்ளை. விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

தங்கை வந்து கட்டிக்கொண்டாள். சொல்லாமல் வந்துவிட்டாயே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். ஃபிராக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, தையல் எவ்வளவு நேர்த்தி என்று மெச்சினாள். எல்லாம் அளவு கச்சிதமாக இருந்தது. "ஆனா இங்க இந்த மாதிரி யாரும் போடறதில்லக்கா" என்று மடித்துத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. அடுக்குமாடிக்குக் கீழே இருந்த பூங்காவுக்குக் குட்டியைக் கூட்டிக்கொண்டு போக அக்காவுக்கு அனுமதி கிடைத்தது. ஊஞ்சலுக்கு வரிசையில் நின்றார்கள். குழந்தை ஒழுங்காக, யாரையும் இடிக்காமல் நின்றது. அக்காவின் கடையில் நூல்கண்டுகளை உருட்டிவிட்டுக் கைகொட்டிச் சிரித்த பிள்ளையா இது என்று இருந்தது.

"பெரியம்மா, நான் ரொம்பத் தொந்தரவு பண்ணேனா?" என்று குழந்தை கேட்டது.

"எப்படா?"

"அங்க இருந்தப்ப. உங்களால முடியல, கூட்டிட்டுப் போயிடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாம். அம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் அழல."

அந்த இடத்தில் அவள் குழந்தையை நினைத்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பாள். அவள் நினைத்தது தங்கையை. இத்தனை வருஷம் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசிய அந்தக் கையை.

"உங்க அம்மா பொய் சொல்லியிருக்கா. நான் உன்னைக் குடுங்கன்னு கேட்டேன். அவதான் குடுக்கல."

சொன்னதும் நாக்கில் இனித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உன்னைப் பெத்தது மட்டும்தான் அவ. சோறு ஊட்டினது, குளிப்பாட்டினது, காய்ச்சல்னா முழிச்சிருந்தது எல்லாம் நான். பாத்துக்க ஆள் வேணும்னு என் வீட்டுக்கு வந்தாங்க. வேலை முடிஞ்சதும் போயிட்டாங்க."

குழந்தையின் முகம் வெளிறியது. ஊஞ்சல் காலியாகிவிட்டது, பின்னால் நின்ற பிள்ளைகள் அவசரப்படுத்தினார்கள். குட்டி ஏறவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றது.

சாப்பாட்டு மேஜையில் குழந்தை அதைக் கேட்டேவிட்டது. சுற்றி வளைக்கத் தெரியாத வயது. "அம்மா, நீங்க பொய் சொன்னீங்களா? பெரியம்மா என்னைக் கேட்டாங்களாமே?"

மாப்பிள்ளையின் கை தட்டில் நின்றது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது இவள் முகத்தில் ஈயாடாது, பார்க்கலாம் என்று இருந்தாள். தங்கை குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் நிதானமாக வைத்தாள். அக்காவைக் கோபமாகப் பார்க்கவில்லை. இரக்கமாகப் பார்த்தாள். லேபில் ஊசிக்குப் பயப்படுகிறவர்களைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"பெரியம்மாவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லடா. தனியா இருக்காங்க இல்ல? எதை எதையோ நடந்ததா நினைச்சுக்கறாங்க. நாம கோவப்படக் கூடாது. பாவம்."

அக்கா வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும், எப்படிச் சொன்னாலும், மனசு சரியில்லாதவள் சொல்கிற மாதிரிதான் இருக்கும் என்று அப்போதே புரிந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்தாள், அவர் சோற்றைப் பிசைந்தார். குட்டி அவளைப் பார்த்தபடியே, சத்தம் வராமல் தன் நாற்காலியை அப்பாவின் பக்கம் நகர்த்திக்கொண்டது.

அடுக்களையில் தங்கை பாத்திரம் தேய்க்க, அக்கா துடைத்தாள். ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்டாள். முதலில் சொன்ன பொய்யைப் பற்றியும் கேட்டாள்.

"ஒரு மாசம் சாப்பிடாம அழுதாக்கா. நீ கூப்பிடுவன்னு வாசல்லயே உக்காந்திருப்பா. நீ வேணாம்னு சொல்லிட்டன்னு சொன்னேன். ரெண்டே நாள், நிறுத்திட்டா." தங்கை குழாயை மூடினாள். "எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

விடிந்ததும் மாப்பிள்ளை பஸ் நிலையம் வரை வந்தார். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னலோரம் நின்று, நீங்கள் குழந்தையிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார்.

"அவ சொன்னது?"

"அவ அம்மா, அக்கா" என்றார் மாப்பிள்ளை.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அக்கா மாடியைப் பூட்டி வைக்கவில்லை, துறைமுகத்தில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத ஆட்களுக்கு வாடகைக்கு விட்டாள். குடும்பக்காரர்கள் வந்து கேட்டால் இல்லை என்றுவிடுவாள். கடையில் முன்பு போலவே வேலை நடந்தது. மடிப்பு விடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அளவுக்குத் தைத்தாள். தாய்மார்கள் முணுமுணுத்தார்கள்.

ரொம்ப நாள் கழித்துத் தங்கையிடமிருந்து போன் வந்தது. இரண்டாவது உண்டாகியிருக்கிறது, ஒரு ஆறு மாதம் வந்து இருந்துவிட்டுப் போ, உன்னை விட்டால் எனக்கு யார் என்றாள். அக்கா முடியாது என்றாள். அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு குட்டியின் குரல் வந்தது: "வாங்க பெரியம்மா. நீங்க வந்தா நல்லா இருக்கும். எனக்கும் சந்தோஷமா இருக்கும்." பக்கத்திலிருந்து யாரோ அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பது அக்காவின் காதிலும் விழுந்தது.

"போனை அம்மாகிட்ட குடு" என்றாள் அக்கா. தங்கை வந்ததும், "காசு குடுத்து ஆள் வச்சுக்கோ. நீ சொன்னதைச் செய்வா. குழந்தையை எடுத்துட்டுப் போனா அழ மாட்டா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று பகல் பூராவும் அவளுக்குக் கை லேசாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அது போய்விட்டது. உறவுக்காரர்களிடம் செய்தி வேறு விதமாகப் பரவியது. சொந்தத் தங்கையின் பிரசவத்துக்குக் கூட எட்டிப் பார்க்காதவள், கல்நெஞ்சக்காரி, பிள்ளை இல்லாத வயிற்றெரிச்சல் என்று பேசினார்கள். தங்கை யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்காவைக் குறை சொல்லாதீர்கள், அவள் உடம்பும் மனசும் சரியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுத்துப் பேச அக்கா எங்கும் போகவில்லை.

சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு மட்டும் போனாள், போகாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று. மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி இரண்டு மூன்று நாற்காலிகள் காலியாகவே இருந்தன. எதிர்ப்பக்கம் தங்கை, பட்டும் சிரிப்புமாக. குட்டி தாவணி வயதுக்கு வந்துவிட்டிருந்தாள். தோழிகளோடு போனைப் பார்த்துக்கொண்டு, தூரத்திலிருந்தே மரியாதையாகக் கைகூப்பினாள்.

கூட்டத்துக்குள் ஓடி விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் மூச்சிரைக்க வந்து அக்காவின் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. அதே நெற்றி, அதே கண். இரண்டாவது பெண் இதுதான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷூவின் வார் அவிழ்ந்திருந்தது. காலைத் தூக்கி அக்காவின் மடியிலேயே வைத்துக்கொண்டு, "இத மாட்டி விடு" என்றது. ஊர் பேர் தெரியாத பெரியவளிடம் எடுத்த எடுப்பில் நீ.

அக்காவின் கை வாரைத் தொட்டுவிட்டது. பிறகு அந்தக் காலை எடுத்துக் கீழே விட்டாள்.

"உங்க அம்மாகிட்ட போய் மாட்டிக்கோ."

குழந்தை அவளை விநோதமாகப் பார்த்தது. இறங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டு, கூட்டத்தைத் தாண்டித் தாயைத் தேடிப் போனது. நடுவில் இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.